நான்கு ரயர், இரண்டு கார்

சென்ற மாரிக் குளிரில் ஒரு கொண்டாட்ட மண்டபத்தில் என் பக்கத்துக் கதிரையில் ஒரு இளம் பெண்பிள்ளை வந்து அமர்ந்தாள். காப்புறுதி முகவர். எங்கள் ஆட்களில் இப்போது இந்தத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர். சாப்பாடு வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல் என் கார்க் காப்புறுதியைப் பற்றிக் கேட்டாள்.

"அங்கிள், இதில மேலதிகமா ஒரு பகுதி சேர்க்கலாம். பெரிய கவனயீனமா ஓடி எங்கயும் அடிச்சாலும் கொம்பனி உங்களிட்டைத் திருப்பிக் கேளாது. பனிக்குள்ள சம்மர் ரயரோட ஓடினாலும் அநேகமா அதுக்குள்ள வரும்."

"இது எப்ப தொடக்கம் பிள்ளை?"

"கனகாலமா இருக்கு அங்கிள். ஏன்?"

சும்மா கேட்டேன் என்றேன். அதன்பின் சாப்பாடு வந்தது. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

நான் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஒஸ்டர்முண்டிகனில், கார்களுக்கு ரயர் மாற்றும் ஒரு வேலைத்தலத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். முதுகு பழுதானதால் ஓய்வு வயது வருவதற்கு முன்பே நிற்பாட்டிவிட்டார்கள். அங்கே இப்போது வேலை செய்யும் எங்கள் பொடியன்கள், அந்தக் காலத்து வேலையைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதித் தரும்படி பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சும் வராது. எழுதும்போது எதிரில் யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இதில் வரும் தேவண்ணை இப்போது உயிரோடு இல்லை. அவர் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்தேன். முதல் வருடம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். பிறகு ரயர் வேலைத்தலத்தில் சக்கரம் சுமக்க ஆள் தேவை என்றார்கள். முதல் மாரி முழுவதும் சுமந்தேன். அடுத்த மாரியில் ரயரை வளையத்திலிருந்து கழற்றப் பழகினேன். அதற்குப் பிறகு, சக்கரத்தைச் சுற்றவிட்டு ஈயத்துண்டு அடித்துச் சமன்செய்யும் இயந்திரத்தையும் தொட விட்டார்கள். வேலை பழகியது இவ்வளவுதான்.

எங்கள் முதலாளியை எல்லோரும் மைஸ்ரர் என்றே கூப்பிடுவோம். கட்டையான மனிதர். மற்ற வேலையாட்களுடன் பேர்ண் பேச்சில் கதைப்பார். என்னோடு மட்டும் புத்தக ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். சக்கரத்தின் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கவேண்டும்; வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்து இறுக்கினால் சக்கரம் சரிந்து உட்காரும். நான் அவசரத்தில் வட்டமாக இறுக்கிவிட்டால் அவர் வந்து குனிந்து ஒரு நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த நட்டின் குளிர்ச்சி இப்போதும் கையில் இருக்கிறது. திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

குளிர்காலத்துக்கு ரயர் வாங்க ஒருவர் வந்தால், மைஸ்ரர் உடனே ரயர் அடுக்கியிருக்கும் பக்கம் போகமாட்டார். கையைத் துணியில் துடைத்துவிட்டு, எங்கே குடியிருக்கிறீர்கள், எங்கே வேலை, காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேட்பார். அந்த வீதி காட்டுக்குள்ளால் போகிறதா, வெயில் படுகிற பக்கமா, பெரிய இறக்கம் இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். நகரத்துக்குள் ட்ராமுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு ஒரு ரயர் காட்டுவார். மேட்டிலிருந்து விடியப்புறம் இறங்கி வருகிறவருக்கு வேறொன்று. ஆணி பதித்த ரயர் கேட்டு வருகிறவரிடம், அதோடு விரைவுச்சாலையில் ஏறமுடியாது, வேகமும் குறைக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பழைய உடலில் புதுத்தோல் ஒட்டிய மலிவு ரயர்களும் அப்போது நிறைய விற்றன. அவற்றை யாராவது கேட்டால் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்க்க எனக்குப் பழக்கினவர் அவர். கோடைகால ரயரின் ரப்பர் குளிரில் மரக்கட்டையாகிவிடும். அதில் வெட்டியிருக்கும் பல்லு ஆழமாக இருந்தாலும் வீதியைப் பிடிக்காது. குளிர்கால ரயரின் ரப்பரில் நகம் இறங்கும்.

அவரிடம் ஒரு விசேஷ வழக்கம் இருந்தது. சொன்ன புத்தியைக் கேளாமல் ஒருவர் பிழையான ரயரைப் போடச் சொன்னால், சட்டம் தடுக்காதவரையில், நாங்கள் போட்டுக் கொடுப்போம். ஆனால் கதவைத் திறந்து காரை வெளியே விடுவதற்கு முன், ரயரைப் போட்டுப் பூட்டினவன் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, இது இந்த வீதிக்குச் சரியில்லை, ஏதும் நடந்தால் உங்கள் பொறுப்பு என்று வாயால் சொல்லவேண்டும். அவர் விளங்கியது என்று சொல்லவேண்டும். கையெழுத்து வாங்குவதில் மைஸ்ரருக்கு நம்பிக்கை இல்லை. கையெழுத்து வைக்கிற யாரும் வாசிப்பதில்லை என்பார்.

என் கூச்சத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அந்த வசனத்தை ஜெர்மனில் பாடமாக்கினேன். முதன்முதலில் அதை ஒரு பெரிய மீசைக்காரரிடம் சொன்னேன். அவர் திரும்ப நீளமாக என்னவோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேறு வசனம் தெரியாததால் அதையே திரும்பவும் சொன்னேன். அவர் இன்னும் நீளமாகச் சொன்னார். நான் மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போய் நான்கு புது ரயர் வாங்கிக்கொண்டு போனார். மைஸ்ரர் அன்று சிரித்ததைப்போல் பிறகு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்கள் கார் வாங்கத் தொடங்கியதும் தமிழ் வாடிக்கையாளரை மைஸ்ரர் என்னிடமே விட்டுவிட்டார். அங்கேதான் எனக்குக் கஷ்டம்.

இந்த நாட்டில் குளிர்கால ரயர் போட்டே ஆகவேண்டும் என்று அன்றும் சட்டம் இல்லை, இன்றும் இல்லை. கார் ஓடத் தகுந்த நிலையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்குப் பொலிஸ் ஒன்றுதான் பயம். பொலிஸ் கேட்காத ஒன்றை வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். காப்புறுதிக்காரர் கேட்பார். ஆனால் அவர் விபத்துக்குப் பிறகுதான் வருவார். அடிபட்டவருக்குக் காப்புறுதி முழுவதையும் கொடுத்துவிடும். ஓடினவர் தெரிந்துகொண்டே பெரிய கவனயீனம் செய்தார் என்று கண்டால், கொடுத்ததில் ஒரு பங்கை அவரிடமே திருப்பிக் கேட்கும். தெரியாமல் செய்திருந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். இதை நானே தேவண்ணையின் விபத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

தேவராசா அண்ணையை எல்லோரும் தேவண்ணை என்போம். ஊரில் மினிபஸ் ஓடியவர். நான் பேர்ணுக்கு வந்தபோது பூம்ப்ளிஸில் இருந்த அவருடைய அறையின் தரையில்தான் முதல் மாதங்கள் படுத்தேன். என்னை அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கூட்டிக்கொண்டு போய் நின்றவரும் அவர்தான். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளை மூன்று மாதக் குழந்தையாகப் பார்த்துவிட்டு வந்தவர். சுவார்ட்சன்பூர்க் பக்கம், மேட்டில் இருந்த ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அவர் சேர்த்த ஒவ்வொரு காசும் அவர்கள் இருவரையும் இங்கே கூப்பிட்டு எடுப்பதற்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பியர் ஒன்று வாங்கித் தாங்கோ என்று பகிடிக்குக்கூட அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அவருடைய நெருங்கிய கூட்டாளி யோசேப்பு, மன்னார்ப் பொடியன், பேக்கரியில் வேலை. பழுதானால் பாகங்களை மாற்றிப் போடலாம் என்று இருவரும் ஒரே சோட்டுப் பழைய கார் வாங்கியிருந்தார்கள். முன்சக்கரம் இழுக்கிற கார்கள்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை இருவரும் இரண்டு காரிலும் வந்தார்கள். தேவண்ணையின் காருக்குள் நான்கு குளிர்கால ரயர்கள். ஹோட்டல்காரர் கார் மாற்றியபோது அவருக்குக் கொடுத்தவை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரயர்கள்.

"தம்பி, ரண்டை என்ர காருக்குப் போடு. ரண்டை யோசேப்புக்குப் போடு."

"அண்ணை, நாலையும் ஒரு காருக்குத்தான் போடவேணும்."

"அப்ப மற்றவன்?"

"அவன் வேற வாங்கவேணும்."

"எதால வாங்கிறது? அவன் இப்பதானே தமக்கைக்குக் காசு அனுப்பினவன். பனி என்ர காருக்கு மட்டுமே கொட்டப்போகுது? முன்னுக்குத்தானே இழுவை. முன்னுக்கு ரண்டு காணும்."

நான் குனிந்து அவருடைய பின்சக்கரங்களின் கோடைகால ரயர்களைப் பார்த்தேன். பல்லு தேய்ந்திருந்தது, ஆனால் சட்ட அளவுக்குக் கீழே போகவில்லை. எப்போது செய்த ரயர் என்று பக்கச்சுவரில் தேடினேன்.

"அண்ணை, உவன் ரயருக்குச் சாதகம் பாக்கிறான்," என்றான் யோசேப்பு. "செவ்வாய்க் குற்றம் இருக்காம்."

"நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், உனக்கென்ன தெரியும் சாதகத்தைப் பற்றி?" என்றார் தேவண்ணை.

"எனக்குத் தெரியாதுதான். பொருத்தம் நல்லம் எண்டு சொல்லி முடிச்சுவிடச் சொல்லுங்கோ, எனக்கு வேலைக்கு நேரமாகுது."

மைஸ்ரர் வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தேவண்ணையின் காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் குந்தியிருந்து பார்த்தார்.

"முன்னுக்கு மட்டும் போட்டால் நன்றாகப் புறப்படும். மேடு ஏறும். அதனால் அவருக்குத் துணிவு வரும்," என்றார். "திரும்பி இறங்கும்போது வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வரும். அவர் எங்கே வேலை?"

சொன்னேன். மைஸ்ரர் உதட்டைக் கடித்தார். சட்டம் தடுக்கவில்லை, ரயர் அவர்களுடையது, போட்டுக் கொடு என்றார். பிறகு, "உங்கள் மொழியிலேயே சொல். முகத்தைப் பார்த்துச் சொல்," என்றார்.

போட்டேன். இரண்டு காருக்கும் முன்னால் இரண்டு இரண்டாக, சரியாகச் சமன்செய்து, குறுக்குக் குறுக்காக இறுக்கிப் போட்டேன். யோசேப்பு அவசரத்தில் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். தேவண்ணை காருக்குள் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

யாருடைய தரையில் படுத்தேனோ அவரிடம், ஏதும் நடந்தால் உன் பொறுப்பு என்பதை எப்படிச் சொல்வது? ஜெர்மனில் அது வெறும் வசனம். தமிழில், புறப்படுகிற ஒருவரிடம் சொல்லக்கூடாத சொல்.

"அண்ணை, மைஸ்ரர் சொல்லச் சொன்னவர்," என்று தொடங்கினேன். "பின்னுக்குக் கிடக்கிற ரயர் பனிக்குச் சரிவராதாம். இறக்கத்தில பின்பக்கம் இழுக்குமாம். ஏதும் நடந்தா... உங்கட பொறுப்பு எண்டு சொல்லட்டாம்."

"வெளிக்கிடேக்கை என்ன கதையடா கதைக்கிறாய்?"

"எல்லாருக்கும் சொல்லுறது அண்ணை. விளங்கினதோ?"

"விளங்குது, விளங்குது. வருசக்கணக்கா மினிபஸ் ஓடினவனுக்கு நீ ரயர் படிப்பிக்கிறாய். கதவைத் திற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கதவைத் திறந்தேன்.

"சொன்னாயா?" என்றார் மைஸ்ரர்.

"சொன்னேன்."

"விளங்கியதா?"

"விளங்கியது."

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய வாரம், ஒரு காலை, தேவண்ணையின் கார் இழுவை வண்டியில் எங்கள் முற்றத்துக்கே வந்து சேர்ந்தது. தேவண்ணைதான் எங்கள் இடத்தைச் சொல்லியிருக்கிறார். முன்பக்கம் உள்ளே போயிருந்தது. பின்சக்கரங்களின் பல்லுக்குள் பனி இறுகி, ரயர் வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. முன்சக்கரங்களின் பல்லு சுத்தமாக இருந்தது. மைஸ்ரர் சொன்னதை யாரோ படம் வரைந்து கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

முதல்நாள் பின்னேரம் வேலை முடிந்து இறங்கி வரும்போது, காட்டு வளைவில் கார் பின்பக்கத்தால் சுழன்று எதிர்ப்பக்கத்துக்குப் போயிருக்கிறது. எதிரே பாற்சாலைக்குப் பால் கொண்டுவந்த, மாடு வளர்க்கிற ஒரு கமக்காரரின் வண்டி. அவருக்குக் கால் பல இடத்தில் முறிந்துவிட்டது. தேவண்ணைக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும்.

அன்று பின்னேரம் யோசேப்பு வந்தான். தன் காரின் முன்சக்கரங்களைத் தானே கழற்றி, தேவண்ணை கொடுத்த இரண்டு ரயரையும் உருட்டிக்கொண்டு வந்து அந்த நொறுங்கிய காருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான்.

"இப்ப கொண்டுவந்து என்னடா செய்யிறது?" என்றேன்.

"தெரியாது. என்ர காரில கிடக்கிறதைப் பாக்க ஏலாமல் இருக்கு." அருகே வந்தான். "மச்சான், காப்புறுதிக்காரன் உங்கை வருவானாம். அகதியளுக்கு உதவி செய்யிற ஒரு அம்மா விசாரிச்சுச் சொன்னவ. அண்ணைக்கு முதலே ரயர் பிழை எண்டு தெரியும் எண்டால் திருப்பிக் கேப்பாங்களாம். தெரியாது எண்டால் விட்டிடுவாங்களாம். நீ ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லு. முடிஞ்சுது."

"மைஸ்ரருக்குச் சொன்னன் எண்டு சொல்லிப்போட்டனே."

"மைஸ்ரரோ உன்னைத் தரையில படுக்க விட்டவர்?"

அவன் பஸ்ஸில் போனான்.

காப்புறுதியின் ஆள் அடுத்த வாரம் வந்தார். சப்பாத்துக்கு மேல் ரப்பர் உறை போட்டிருந்தார். மரியாதையான மனிதர். எனக்கும் கைகொடுத்தார். நான்கு ரயரின் பல்லையும் அளந்தார், பக்கச்சுவரைப் படித்தார், படம் எடுத்தார். மைஸ்ரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, துடைப்பது நிற்கவில்லை.

"இதைப் பூட்டியது நீங்களா?"

"ஆம்."

"இந்த ரயர் பொருத்தமில்லை என்று அவருக்குச் சொன்னீர்களா?"

மைஸ்ரர் என் பக்கம் திரும்பவில்லை. நான் சொல்லவில்லை என்றால் பழி அவருடைய கடையின் மேல் விழும். உள்ளதைச் சொல் என்றோ, என் கடையைக் காப்பாற்று என்றோ அவர் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சொன்னேன்."

"அவருக்கு விளங்கியதா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டிய விஷயம் நிறைய இருந்தது. சொன்னேன் ஐயா, ஆனால் என் சொல்லாகச் சொல்லவில்லை, முதலாளி சொல்லச் சொன்னார் என்று சொன்னேன். எல்லோருக்கும் சொல்வதுதான் என்று நானே அதன் கூர்மையை மழுக்கிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடித் துடைப்பானைப் பார்த்தேன். அவர் விளங்குது என்றது ரயரை நினைத்து அல்ல, என் கூச்சத்தைக் கண்டு இரங்கி, சீக்கிரம் முடித்துவிடத்தான். எங்களில் ஒரு மூத்தவர் இளையவனிடம் அப்படித்தான் சொல்வார். இவ்வளவும் உண்மை. இவ்வளவும் தமிழில் இருந்தது. ஜெர்மனில் என்னிடம் இருந்தது ஒரு சொல்.

"யா," என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மைஸ்ரர் துணியை மடித்து வைத்தார். அன்று மத்தியானம் ஒரு கோப்பிக் கோப்பையை என் வேலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்க முடியவில்லை.

காப்புறுதி கமக்காரருக்குக் கொடுத்ததில் ஒரு பங்கைத் தேவண்ணையிடம் திருப்பிக் கேட்டது. மனைவியையும் மகளையும் எடுக்கச் சேர்த்தது எல்லாம் அதிலே போயிற்று, போதாமலும் வந்தது. அவர் பகலில் ஒரு வேலையும் பின்னேரத்தில் துப்புரவு வேலையுமாக ஓடத் தொடங்கினார். பிறகு பிரெஞ்சுப் பக்கத்தில், ரெனானில், தெரிந்தவர் ஒருவர் மூலம் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் அந்தப் பிள்ளை நடக்கப் பழகி, பேசப் பழகி, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கியிருக்கும். நான் அதை நினைக்காத நாள் குறைவு.

போய்ப் பார்க்கவில்லை. அவர் பூம்ப்ளிஸில் இருந்தவரை அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். ஒருமுறை தமிழ்க்கடையில் அவர் குரல் கேட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டு அவர் போனபிறகு வெளியே வந்தேன். ரெனானுக்குப் போகமுன் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். என்னையும் வரச் சொன்னாராம். வேலை என்று சொல்லியனுப்பினேன். என்னைக் கண்டால் அவர் என்ன சொல்வார் என்ற பயம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அதைவிடப் பயம்.

யோசேப்பு மட்டும் ஒவ்வொரு ஒக்ரோபரும் வருவான். எப்போதும் நான்கு ரயர். மூன்றாவது மாரியோ நான்காவதோ, நட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"நீ ஏன் அண்ணையோட கோவம்?"

"நானோ? நான் ஏன் கோவிக்கிறன்?"

"அவர் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். போனமுறை நான் ரெனானுக்குப் போகேக்கையும் கேட்டவர், உவன் இன்னும் என்னோட கோவமோ எண்டு."

அடுத்த ஞாயிறு ரயில் ஏறினேன். ரெனானில் ஒரு மாடி வீடு. தேவண்ணைதான் கதவைத் திறந்தார். முடி பாதி நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு சிறுபிள்ளை எட்டிப் பார்த்தது. ஆறு வயது இருக்கும். அவர்கள் வந்துசேர்ந்ததை யோசேப்பு எனக்குச் சொல்லவில்லை; கேள்விப்பட்டிருப்பேன் என்று நினைத்தானாம்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ?" என்றார். அவ்வளவுதான். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை அவரை அப்பா என்று கூப்பிடாமல், ஏதாவது வேண்டுமென்றால் தாயின் காதுக்குள் சொல்லியது.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணை, நான்தான் காப்புறுதிக்காரனுக்கு விளங்கினது எண்டு சொன்னனான்," என்றேன்.

"அதுக்கென்ன? நானும் அதைத்தானே சொன்னனான்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"உன்னட்டை வரமுன்னமே அவன் என்னட்டை வந்திட்டான்ரா. நல்ல மனிசன். நீ சொன்னதை நான் சொல்ல, அவனே வழி காட்டினான். அந்தத் தொழிலாளி சொன்னது உங்களுக்குச் சரியா விளங்காமல் இருந்திருக்கும், என்ன எண்டு கேட்டான். ஓம் எண்டிருந்தால் முடிஞ்சுது." தேநீரை ஒரு வாய் குடித்தார். "எந்தக் கந்தோருக்குப் போனாலும் என்ன சொல்லுறாங்கள்? இவனுக்கு விளங்காது, இவனுக்கு விளங்காது. எனக்கு முன்னாலயே வைச்சுச் சொல்லுவாங்கள். அண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை எண்டு என்ர வாயால சொல்ல மனம் வரேல்லை. அதுவும் நீ தமிழிலயெல்லோ சொன்னனீ. தமிழும் விளங்கேல்லை எண்டு சொல்லுறதே? விளங்கினது எண்டன். விளங்கித்தான் போனனான் எண்டன்."

"இவர் வீம்புக்குச் சொல்லிப்போட்டார், நாங்கள் அங்கை கிடந்தம்," என்றார் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி. கோபமாகச் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ சொன்னதைக் கேளாமல் போய் அடிச்சு, உன்ர வேலைத்தலத்துக்கும் விசாரணையைக் கொண்டந்திட்டன் எண்டு உனக்குக் கோவம் எண்டு நினைச்சன்," என்றார் தேவண்ணை. "தேத்தண்ணிக்கும் நீ வரேல்லை. சரி, அவன் வரமாட்டான் எண்டு விட்டிட்டன்."

"கோவமில்லை அண்ணை. வெக்கம்."

அவர் சிரித்தார். பழைய சிரிப்புத்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது.

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அருகே வந்து என் விரல்களில் ஏறியிருந்த ரப்பர்க் கறுப்பைப் பார்த்தது. எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அது தாயைப் பார்த்தது. தேவண்ணை சொன்னார்.

"போன தை மாதம். குளோட்டன் எயார்போட்டில இறங்கேக்கை சரியான பனி. என்னட்டை இப்ப கார் இல்லைத்தானே. ரயிலில வந்து, ஸ்ரேசனில இருந்து பெட்டியளையும் இழுத்துக்கொண்டு நடந்தனாங்கள். பிள்ளைக்குக் குளிர் உடுப்பும் காணாது. என்னையும் பிடிக்கேல்லை, தூக்க விடேல்லை. வழி முழுக்க அழுகை." கோப்பையை மேசையில் வைத்தார். "உனக்கு ஒருக்கா அடிச்சுக் கேப்பம், நல்ல ரயர் போட்ட கார் வைச்சிருப்பாய் எண்டு ரெலிபோனை ரண்டு தரம் எடுத்தனான். பிறகு வைச்சிட்டன்."

அந்தத் தை மாதம் என்னிடம் கார் இருந்தது. நான்கு சக்கரத்திலும் புதுக் குளிர்கால ரயர்கள், நானே தெரிந்தெடுத்து நானே பூட்டியவை. நான் வேலைக்கு நடந்தே போய் வருகிறவன். அந்த மாதம் முழுவதும் அது வீட்டு வாசலில் பனி மூடி நின்றது. அந்தப் பனியை ஒரு நாளாவது தட்டியதாக எனக்கு நினைவில்லை.